லொங்காங் அடைத்தால் யாரைக் கூப்பிடுவது? குளுவாங்கை வைத்து ஊராட்சி மன்றங்களைப் புரிந்துகொள்வோம்

மழை பெய்து ஓய்ந்த மாலை. வீட்டு வாசல் லொங்காங் நிரம்பி, தண்ணீர் கார் நிறுத்துமிடம் வரை ஏறிவிட்டது. "லொங்காங் அடைச்சுக்கிச்சு, யாருகிட்ட சொல்றது?" என்று தாமான் வாட்ஸ்அப் குழுவில் கேட்கிறீர்கள்.

ஐந்து நிமிடத்தில் ஐந்து பதில் வருகிறது. ஒருவர் "வை.பி.க்கு மெசேஜ் போடுங்க" என்கிறார். இன்னொருவர் நகராண்மைக் கழகம் என்கிறார். மூன்றாமவர் மாவட்ட அலுவலகம், நான்காமவர் ஜே.கே.ஆர். கடைசியில் ஒருவர், "எங்க போனாலும் அவங்க வேலை இல்லைனுதான் சொல்வாங்க" என்று முடித்துவைக்கிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எந்த லொங்காங், எந்தச் சாலை என்பதைப் பொறுத்து அந்த நான்கு பதில்களுமே சரியாக இருக்கலாம். கடைசிப் பதில் மட்டும் சரியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

நம் நாட்டில் ஊராட்சி நிர்வாகம் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது? நாம் கட்டும் வரி யாரிடம் போகிறது? அதைச் செலவழிப்பவர்களை நியமிப்பது யார்? குளுவாங்கை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம்.

மூன்று அடுக்கு அரசாங்கம், இரண்டுக்குத்தான் வாக்கு

மலேசியாவில் அரசாங்கம் மூன்று அடுக்கு: மத்திய அரசு, மாநில அரசு, ஊராட்சி மன்றம்.

மத்திய அரசுக்காக நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கிறோம். மாநில அரசுக்காகச் சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்கிறோம். மூன்றாவது அடுக்கு நம் வீட்டு வாசலுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் அதற்குத் தேர்தலே கிடையாது.

கூட்டரசு அரசியலமைப்பின் 9-வது அட்டவணைப்படி ஊராட்சி நிர்வாகம் மாநில அரசின் பொறுப்பு. கோலாலம்பூர் போன்ற கூட்டரசுப் பிரதேசங்கள் மட்டும் விதிவிலக்கு. புத்ராஜெயாவில் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு இருக்கிறது, கொள்கையும் நிதி உதவியும் அங்கிருந்து வரும். ஆனால் உறுப்பினர்களை நியமிப்பதும் வரி விகிதத்துக்கு ஒப்புதல் தருவதும் மாநில அரசுதான்.

தீபகற்பத்தில் இதற்கெல்லாம் அடிப்படை 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம். சட்டம் 171 என்று சொல்வார்கள்.

மாநகர், நகராண்மை, மாவட்டம்: என்ன வித்தியாசம்?

ஊராட்சி மன்றங்களில் மூன்று வகை உண்டு.

பெரிய நகரங்களுக்கு மாநகர் மன்றம். ஜோகூரில் ஜோகூர் பாரு, இஸ்கண்டார் புத்ரி, பாசிர் கூடாங் ஆகியவற்றுக்கு இந்தத் தகுதி இருக்கிறது. அடுத்து நகராண்மைக் கழகம், மலாயில் 'மஜ்லிஸ் பெர்பண்டாரான்'. குளுவாங் இந்த வகை. மூன்றாவது மாவட்ட மன்றம், 'மஜ்லிஸ் டாயிரா'. பெரும்பாலும் சிறு பட்டணங்களும் கிராமப்புறமும் கலந்த பகுதிகளுக்கு இது இருக்கும்.

தகுதி உயர்வுக்கு மக்கள்தொகையும் வருமானமும் முக்கியம். 2008-இல் திருத்தப்பட்ட அளவுகோலின்படி, நகராண்மைக் கழகமாக உயர 150,000 பேருக்கு மேல் மக்கள்தொகையும் ஆண்டுக்கு 2 கோடி ரிங்கிட்டுக்கு மேல் வருமானமும் வேண்டும். மாநகராக உயர 500,000 பேரும் 10 கோடி ரிங்கிட்டும். குளுவாங் 2001-இல் நகராண்மைக் கழகமானது.

ஜோகூரில் மொத்தம் 16 ஊராட்சி மன்றங்கள். பத்து மாவட்டங்களுக்கு 16 மன்றங்கள் என்றால், சில மாவட்டங்களில் ஒன்றுக்கு மேல் இருக்கும் அல்லவா? குளுவாங்கும் அப்படித்தான்.

'குளுவாங்' என்றால் எந்தக் குளுவாங்?

பலர் குழம்பும் இடம் இது. 'குளுவாங்' என்ற ஒரே பெயர் குறைந்தது மூன்று விஷயங்களைக் குறிக்கிறது.

முதலாவது, குளுவாங் மாவட்டம். இதை நிர்வகிப்பவர் மாவட்ட அதிகாரி. அவர் மாநில அரசின் அதிகாரி. அவருக்குக் கீழே முக்கிம்கள் இருக்கின்றன: குளுவாங், பாலோ, காஹாங், நியோர், ரெங்கம், மாச்சாப், லாயாங்-லாயாங், உலு பெனுட். முக்கிம் அளவில் பெங்ஹுலுவும் கம்போங் அளவில் கிராமத் தலைவரும் இருப்பார்கள்.

இரண்டாவது, குளுவாங் நகராண்மைக் கழகம். இது மாவட்டம் முழுவதற்கும் பொறுப்பல்ல. அதே மாவட்டத்துக்குள் சிம்பாங் ரெங்கம் மாவட்ட மன்றம் என்று இன்னொன்றும் இருக்கிறது. சிம்பாங் ரெங்கத்தில் கடை வைத்திருப்பவர் உரிமத்துக்குக் குளுவாங் நகராண்மைக் கழகத்துக்குப் போனால் திரும்பித்தான் வர வேண்டும்.

மூன்றாவது, குளுவாங் நாடாளுமன்றத் தொகுதி. மாவட்டத்தில் குளுவாங், சிம்பாங் ரெங்கம், செம்புரோங் என மூன்று நாடாளுமன்றத் தொகுதிகள் உள்ளன. அவற்றுக்குள் மெங்கிபோல், மக்கோத்தா, மாச்சாப், லாயாங்-லாயாங், பாலோ, காஹாங் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள்.

இந்த மூன்றின் எல்லைகளும் ஒன்றல்ல. உங்கள் மன்றம் எது என்று தெரிந்துகொள்ளச் சுலபமான வழி: மதிப்பீட்டு வரி பில்லை எடுத்துப் பாருங்கள். மேலே யார் பெயர் இருக்கிறதோ அதுதான்.

எந்த வேலை யாருடையது?

குப்பை லோரி வரவில்லை என்றால் நகராண்மைக் கழகத்தைத் திட்டுவது நம் வழக்கம். ஆனால் 2011 செப்டம்பர் 1 முதல் ஜோகூரில் வீட்டுக் குப்பை அகற்றுவதும் பொது இடத் துப்புரவும் 2007-ஆம் ஆண்டின் சட்டம் 672-இன் கீழ் மத்திய அரசின் பொறுப்புக்குப் போய்விட்டது. எஸ்.டபிள்யூ.கோர்ப் மேற்பார்வை செய்கிறது. லோரி ஓட்டுவது குத்தகை நிறுவனம். குப்பைப் புகாரை நேரே எஸ்.டபிள்யூ.கோர்ப்பிடம் கொடுத்தால் ஒரு படி மிச்சம்.

லொங்காங் என்று வந்தால், தாமானுக்குள் வீட்டு முன்னால் ஓடுவது ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. ஆனால் மேம்பாட்டாளர் இன்னும் மன்றத்திடம் ஒப்படைக்காத புதிய தாமானாக இருந்தால், அவர்தான் பார்க்க வேண்டும். சுங்கை மெங்கிபோல் போன்ற ஆறுகளும் அவற்றில் போய்ச் சேரும் பெரிய வாய்க்கால்களும் வடிகால், நீர்ப்பாசனத் துறையின் கீழ் வருகின்றன. உங்கள் லொங்காங் சுத்தமாக இருந்தும் தண்ணீர் ஏறுகிறது என்றால், தடை கீழே ஆற்றுப் பக்கம் இருக்கலாம். அப்போது இரண்டு அலுவலகங்களுக்கும் எழுதுவதே சரி.

சாலைக்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. பலகையில் வெறும் எண் இருந்தால் கூட்டரசுச் சாலை. பத்து பஹாட்டிலிருந்து ஆயர் ஹீத்தாம், குளுவாங் வழியாக மெர்சிங் போகும் 50-ஆம் எண் சாலை அப்படிப்பட்டது. எண்ணுக்கு முன்னால் 'ஜே' என்ற எழுத்து இருந்தால் ஜோகூர் மாநிலச் சாலை. இரண்டுக்கும் பொதுப்பணித் துறையிடம் போக வேண்டும். பட்டணத்துத் தெருவும் தாமான் சாலையும் ஊராட்சி மன்றத்துடையவை.

கடை உரிமம், அங்காடிக் கடை, பசார் மாலாம், விளையாட்டு மைதானம், வாகன நிறுத்துமிடம், கட்டட வரைபட ஒப்புதல், தெரு நாய்த் தொல்லை எல்லாம் ஊராட்சி மன்றம்.

நிலப் பட்டா, நில வரி, நிலப் பயன்பாட்டு மாற்றம் எல்லாம் நில அலுவலகம். இது மாநில அரசின் கீழ் வருகிறது. ஆலயம் கட்டும் நிர்வாகங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது: நிலம் யார் பெயரில் என்பது நில அலுவலகத்துக் கேள்வி, கட்டடத்துக்கு ஒப்புதல் இருக்கிறதா என்பது ஊராட்சி மன்றத்துக் கேள்வி. ஒன்றை முடித்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால், பல வருடம் கழித்து அதுவே பிரச்சினையாக வந்து நிற்கும்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு?

குளுவாங்கைச் சுற்றி இன்னும் தோட்டங்கள் இருக்கின்றன. நம்மில் பலரின் தாத்தா பாட்டி லயத்து வீட்டில் வாழ்ந்தவர்கள். "பட்டணத்துல இருக்கிற விளக்கும் ரோடும் எங்களுக்கு ஏன் இல்ல?" என்ற கேள்வி அவர்கள் காலத்திலிருந்தே உண்டு.

காரணம், தோட்டம் தனியார் நிலம். அங்கே சாலையும் லொங்காங்கும் நிர்வாகத்தின் பொறுப்பு, ஊராட்சி மன்றத்துடையது அல்ல. பல தலைமுறைகளாகத் தோட்ட மக்கள் வாக்காளர்களாக இருந்தும் ஊராட்சிச் சேவைக்கு வெளியே இருந்ததற்கு இதுதான் அடிப்படை.

அதற்காகக் கேட்க ஆளே இல்லை என்று அர்த்தமில்லை. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை 1990-ஆம் ஆண்டின் சட்டம் 446 வரையறுக்கிறது. குடிநீர், மின்சாரம், சுகாதாரம், வீட்டுப் பராமரிப்பு ஆகியவை குறித்த புகாரைத் தொழிலாளர் துறையிடம் கொடுக்கலாம். லயத்து வீட்டுக் கூரை ஒழுகுவதற்கு நகராண்மைக் கழக முகப்பில் வரிசையில் நின்றால் ஒரு நாள் சம்பளம்தான் போகும்.

இரண்டு வரி, இரண்டு கல்லாப்பெட்டி

வீட்டுக்காரர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இரண்டு வரிகள் இவை.

நில வரி, மலாயில் 'சுக்காய் தானா', ஆண்டுக்கு ஒரு முறை மாநில அரசுக்குப் போகிறது. மதிப்பீட்டு வரி, நம் பேச்சில் 'சுக்காய் பிந்து', ஆண்டுக்கு இரண்டு தவணையாக ஊராட்சி மன்றத்துக்குப் போகிறது. வழக்கமாக பிப்ரவரி இறுதிக்குள் ஒன்று, ஆகஸ்ட் இறுதிக்குள் ஒன்று. தெருவிளக்கு, புல் வெட்டு, லொங்காங் பராமரிப்பு எல்லாம் பெரும்பாலும் இந்தப் பணத்திலிருந்துதான் நடக்கின்றன.

இதில் ஜோகூருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தீபகற்பத்தின் மற்ற மாநிலங்களில் வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை வைத்து வரி கணக்கிடுகிறார்கள். ஜோகூரில் வீட்டின் மேம்பட்ட மதிப்பை, அதாவது ஏறக்குறைய சந்தை விலையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். கணக்குக்காக ஒன்று: வீட்டின் மதிப்பு 200,000 ரிங்கிட், விகிதம் 0.15 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வரி 300 ரிங்கிட், தவணைக்கு 150. உண்மையான விகிதம் பகுதிக்குப் பகுதி, கட்டட வகைக்கு வகை மாறும்.

சட்டம் உச்ச வரம்பு வைத்திருக்கிறது. வாடகை மதிப்பு முறையில் அதிகபட்சம் 35 விழுக்காடு, மேம்பட்ட மதிப்பு முறையில் 5 விழுக்காடு.

புதிய மதிப்பீட்டில் உங்கள் வீட்டு மதிப்பு ஏறியிருந்தால், அறிவிப்புக் கடிதத்தைத் தூக்கி மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். மறுபரிசீலனைக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக எழுத்துபூர்வமாக ஆட்சேபம் தெரிவிக்கலாம். முடிவில் திருப்தி இல்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யவும் வழி இருக்கிறது.

ஆலயம், பள்ளிக்கூடம், உரிமம் பெற்ற மயானம், லாப நோக்கமில்லாத அறப்பணிக்கான பொது இடம் ஆகியவற்றுக்கு மதிப்பீட்டு வரி விலக்கு தரலாம் என்று சட்டத்தின் 134-வது பிரிவு சொல்கிறது. 'தரலாம்' என்பதுதான் முக்கியச் சொல். விலக்கு தருவதா என்பது மாநில அரசின் முடிவு. உங்கள் ஆலயத்துக்கு வரி பில் வந்துகொண்டே இருக்கிறது என்றால், விண்ணப்பம் போயிருக்கிறதா என்று நிர்வாகக் குழுவைக் கேளுங்கள்.

உறுப்பினர்களை நியமிப்பது யார்?

ஒரு ஊராட்சி மன்றத்தில் தலைவரும், குறைந்தது 8 முதல் அதிகபட்சம் 24 வரை உறுப்பினர்களும் இருக்கலாம். எல்லாரையும் மாநில அரசு நியமிக்கிறது. உறுப்பினரின் தவணை மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, ஆனால் மறுபடி நியமிக்கலாம். உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களாகவும், ஊராட்சி அனுபவமோ தொழில்துறைச் சிறப்போ சமூகத்தைப் பிரதிநிதிக்கும் திறனோ உள்ளவர்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம்.

நடைமுறையில், மாநில அரசை அமைத்துள்ள கட்சிகள் பெயர்களைப் பரிந்துரைக்கின்றன. "நம்ம ஏரியாவுக்கு ஒரு இந்தியர் கவுன்சிலர் உண்டா?" என்ற கேள்விக்கான பதில் அங்கேதான் முடிவாகிறது.

ஆகவே, ஊராட்சிக்கு வாக்கு இல்லை என்பது பாதி உண்மைதான். உங்கள் சட்டமன்ற வாக்கே சுற்றி வளைத்து ஊராட்சி வாக்காகவும் ஆகிறது. 2022 மார்ச் 12-இல் ஜோகூர் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அதன் பிறகு மந்திரி பெசாராகப் பொறுப்பேற்ற டத்தோ ஒன் ஹாஃபிஸ் காசி, இதே குளுவாங் மாவட்டத்தின் மாச்சாப் தொகுதி உறுப்பினர். அந்தத் தேர்தலில் அமைந்த அரசுதான் மாநிலத்தின் 16 மன்றங்களுக்கும் உறுப்பினர்களை நியமித்தது. நாடாளுமன்ற உறுப்பினர் உங்களுக்காகக் கடிதம் எழுதலாம், அழுத்தம் கொடுக்கலாம். ஆனால் நகராண்மைக் கழகத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இல்லை.

ஒரு காலத்தில் தேர்தல் இருந்தது

ஜார்ஜ் டவுனில் 1951 டிசம்பரில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் 1955-இல்தான். அதாவது, இந்த மண்ணில் மக்கள் வாக்குப்பெட்டியை முதலில் பார்த்ததே ஊராட்சித் தேர்தலில்தான்.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. சில மன்றங்களின் நிர்வாகம் குறித்துக் கடும் புகார்களும் அப்போது எழுந்தன. ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் ஒரு தமிழர்: ம.இ.கா.வைச் சேர்ந்த செனட்டர் ஆதி நாகப்பன். ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகி ஆதி நாகப்பனின் கணவர்.

1968-இல் ஆணையம் அறிக்கை கொடுத்தது. குறைகளைச் சுட்டிக்காட்டிய அறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களே தொடர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1973-இல் மறுசீரமைப்பு தொடங்கியது. தீபகற்பத்தில் சிதறிக் கிடந்த 300-க்கும் மேற்பட்ட சிறு மன்றங்கள் இணைக்கப்பட்டன. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-வது பிரிவு ஊராட்சித் தேர்தல் தொடர்பான சட்டங்களைச் செயலிழக்கச் செய்தது.

பினாங்கு மாநிலம் 2012-இல் தனிச் சட்டம் இயற்றித் தேர்தல் நடத்த முயன்றது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-இல் மத்திய அரசு மாறியபோது பேச்சு மறுபடி எழுந்து, அடங்கியது.

தேர்தல் வேண்டாம் என்பவர்கள் இரண்டு காரணங்கள் சொல்கிறார்கள். ஒன்று, செலவு. மற்றொன்று, நகர்ப்புற, புறநகர் மக்களின் இன விகிதம் வேறுபடுவதால் இன உணர்வு தூண்டப்படலாம் என்ற அச்சம். வேண்டும் என்பவர்கள் கேட்பது ஒன்றே: வரி கட்டுபவனுக்கு அதைச் செலவழிப்பவரை மாற்றும் உரிமை வேண்டாமா?

பக்கத்து வீட்டில் எப்படி?

பள்ளி விடுமுறைக்கு ஹட்யாய் போய் வருபவர்கள் நம்மில் நிறைய. அந்த ஹட்யாய் நகராட்சியின் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2025 மே 11-இல் தாய்லாந்து முழுவதும் நகராட்சித் தேர்தல் நடந்தது.

தாய்லாந்தில் இரண்டு தண்டவாளங்கள் இணையாக ஓடுகின்றன. ஒன்று, உள்துறை அமைச்சு நியமிக்கும் மாகாண ஆளுநர், அவருக்குக் கீழே மாவட்ட அதிகாரி. நம் மாவட்ட அதிகாரி முறையை ஒத்தது இது. மற்றொன்று, மக்கள் தேர்ந்தெடுக்கும் மாகாண நிர்வாக அமைப்புகள், மூன்று தரத்து நகராட்சிகள், கிராமப்புற தம்போன் நிர்வாக அமைப்புகள். பேங்காக்கும் பட்டாயாவும் தனி ஏற்பாடு. எல்லாம் சேர்த்து 7,800-க்கும் மேல்.

தேர்தல் இருப்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. அங்கே உள்ளூர் அமைப்புகள் நிதிக்குப் பெரிதும் மத்திய அரசையே நம்பியிருக்கின்றன. ஆளுநரின் மேற்பார்வையும் உண்டு. 2014 இராணுவப் புரட்சிக்குப் பிறகு உள்ளூர்த் தேர்தல்கள் நிறுத்தப்பட்டு, 2020 டிசம்பரில்தான் மறுபடி தொடங்கின.

வாக்கு இல்லை, சரி. கையில் என்ன இருக்கிறது?

சட்டம் 171-இன் 23-வது பிரிவு பலருக்குத் தெரியாது. ஊராட்சி மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது. வேண்டாம் என்று மன்றம் தீர்மானம் போட்டால்தான் மூடலாம். குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. முழுக் கூட்டத்தின் தேதியை முன்கூட்டியே மன்றச் செயலாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

உங்கள் பகுதிக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினர் யார் என்றும் கேளுங்கள். பொதுவாக உறுப்பினர்களுக்குப் பகுதி பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அவர் பெயரைத் தெரிந்துகொள்வது, வை.பி.யின் எண்ணைச் சேமித்து வைப்பதைவிடப் பல சமயம் பயன்படும்.

நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, உள்ளூர்த் திட்ட வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அப்போது ஆட்சேபம் தெரிவிக்கலாம். உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதி என்றால், பக்கத்து நிலத்தில் வரவிருக்கும் மேம்பாடு குறித்து உங்களுக்கு எழுத்துபூர்வ அறிவிப்பு வர வேண்டும். பதில் சொல்ல 21 நாள். வீட்டுக்குப் பின்னால் தொழிற்சாலை எழும்பிய பிறகு கூட்டம் போடுவதைவிட, அந்த 21 நாளுக்குள் ஒரு கடிதம் எழுதுவது பலன் தரும்.

புகார் கொடுக்கும்போது எழுத்தில் கொடுங்கள். படம், தெருப் பெயர், விளக்குக் கம்பம் என்றால் அதன் எண், தேதி எல்லாம் இருக்கட்டும். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "எங்க வேலை இல்ல" என்று சொன்னால், "அப்படின்னா யாரோட வேலை?" என்று அங்கேயே கேட்டு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே லொங்காங்குக்குப் பத்து வீட்டிலிருந்து பத்துப் புகார் எண் இருந்தால், அடுத்த கூட்டத்தில் உங்கள் பகுதி உறுப்பினர் பேசுவதற்கு அது போதுமான ஆதாரம். அடுத்த முறை தாமான் வாட்ஸ்அப்பில் யாராவது "யாருகிட்ட சொல்றது?" என்று கேட்டால், முதலில் இதைக் கேளுங்கள்: "வீட்டு முன்னாடி லொங்காங்கா, ஆத்துப் பக்கம் போற வாய்க்காலா?" அங்கிருந்து தொடங்கினால், போக வேண்டிய அலுவலகம் தானே தெரிந்துவிடும்.